ரேஷனில் பருப்பு இல்லாத ஊரில் விலையை எதோடு ஒப்பிடுவது?

விலைவாசி ஏறத் தொடங்கினால் போதும், செய்தித்தாளிலும் யூடியூபிலும் ஒரே யோசனைதான் வருகிறது. நாலு கடையில் விசாரித்து வாங்குங்கள், சூப்பர் மார்க்கெட்டில் ஆஃபர் பாருங்கள், மாதச் சாமானை மொத்தமாகப் போட்டுவிடுங்கள் என்கிறார்கள். யோசனையில் தப்பில்லை. ஆனால் அதைக் கேட்கிறவர் புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் ஊசுட்டேரியை ஒட்டிய ஒரு கிராமத்திலோ, பாகூர் கொம்யூனில் குருவிநத்தத்திலோ சோரியாங்குப்பத்திலோ இருந்தால் அதை வைத்து என்ன செய்வார்? நாலு கடை என்பதே அவருக்கு ஒரு பஸ் பயணம். மொத்தமாக வாங்க மொத்தமாகப் பணம் வேண்டும். அப்படியே வாங்கினாலும் கடைக்குக் கடை ஒப்பிட்டு மிச்சமாவது கொஞ்சம்தான். எந்தக் கடைக்காரரும் அதற்கு மேலே ரொம்ப தூரம் போகத் தயங்குகிற ஒரு பொது விலை ஊரில் இருந்தால்தான் ஒப்பீடு என்பதற்கே அர்த்தம் வரும். புதுச்சேரி கிராமங்களில் அந்தப் பொது விலையைத் தர வேண்டிய இடம் ரேஷன் கடை. அங்கே அரிசி வந்தது நல்லது, அதோடு நின்றுவிடக் கூடாது, பருப்பும் எண்ணெயும் மாதா மாதம் கட்டுப்பாட்டு விலையில் வர வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் வாதம்.

விலையேற்றம் எல்லார் வீட்டையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. மத்திய அரசின் நுகர்வோர் விலைக் குறியீட்டில், 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில், உணவுக்கும் பானங்களுக்கும் கிராமத்தில் கொடுத்திருக்கும் எடை 54.18 சதவீதம், நகரத்தில் 36.29 சதவீதம். அதாவது கிராமத்து வீட்டில் செலவாகும் நூறு ரூபாயில் பாதிக்கு மேல் வயிற்றுக்கே போகிறது. 2024 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 6.21 சதவீதம் என்று அறிவித்தார்கள். அதே மாதம் உணவுப் பொருள் பணவீக்கம் 10.87. தலைப்புச் செய்தியில் வந்தது முதல் எண், அடுப்படியில் உறைத்தது இரண்டாவது எண். கூலியைப் பாருங்கள். நூறு நாள் வேலைக்கு 2024-25-ல் புதுச்சேரியில் நாள் கூலி 319 ரூபாய், 2025-26-ல் 336. ஏற்றம் ஐந்தேகால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதுவும் அடுத்த ஏப்ரலில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களை ஒரு குடும்பம் எதையாவது குறைத்துத்தான் ஓட்டியிருக்கும். பெரும்பாலும் குறைவது பருப்பு, காய், முட்டை. சோறு குறைவதில்லை, அதனால் வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். எண்ணெய் பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் மளிகைச் சாமானில் கண்ணை ஏமாற்றுவதில் அதற்கு இணையானது குறைவு. எண்ணெய், தேயிலை, பிஸ்கட் முதலியவற்றை இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஒரு லிட்டர் பாக்கெட்டின் பக்கத்திலேயே, அதே உயரம், அதே பூப்படம் போட்டு, 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டுகள் வந்து உட்கார்ந்தன. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள், லிட்டர் பாக்கெட் 137 ரூபாய், 850 கிராம் பாக்கெட் 130 ரூபாய். கை எதை எடுக்கும்? ஏழு ரூபாய் குறைவானதைத்தான். ஆனால் கிலோவுக்குப் பார்த்தால் லிட்டர் பாக்கெட் 150 ரூபாய் 55 காசு, 850 கிராம் பாக்கெட் 152 ரூபாய் 94 காசு. குறைந்த விலை போட்டதுதான் கூடுதல் விலை.

இதற்குத்தானே சட்டம் இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் பாக்கெட்டின் மேல் மொத்த விலையோடு அலகு விலையும் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு எவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்குக் குறைந்ததில் கிராமுக்கு எவ்வளவு என்றும் போட வேண்டும். இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிக்கொள்ளலாம். நல்ல விதி போலத்தான் தெரிகிறது. மேலே சொன்ன 850 கிராம் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் கிராமுக்கு 0.15 ரூபாய் என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த 0.15 என்பது கிலோ 145 ரூபாயாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட 155 ரூபாயாகவும் இருக்கலாம். முழுமையாக்கியதில் கிலோவுக்குப் பத்து ரூபாய் வித்தியாசம் மறைந்துபோகிறது. பக்கத்தில் இருக்கும் லிட்டர் பாக்கெட்டிலோ விலை லிட்டர் கணக்கில் இருக்கிறது. ஒன்று கிராம், ஒன்று லிட்டர். ஒன்று காசு, ஒன்று ரூபாய். இதை அலமாரி முன் நின்றபடி மனக்கணக்காகப் போடச் சொல்வது நியாயமில்லை. எல்லாப் பொருளுக்கும் கிலோ அல்லது லிட்டர் என்று ஒரே அலகில், மொத்த விலைக்குச் சமமான எழுத்தில் போட வேண்டும் என்று விதியைத் திருத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு அரசுக்கு ஒரு காசு செலவில்லை.

அரிசிக்கு வேறு கதை. 2022 ஜூலை 18 முதல், பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று வந்தது. அதற்கு மேல் இருந்தால் வரி இல்லை. உடனே தமிழ்நாட்டு ஆலைகள் 26 கிலோ சிப்பம் போடத் தொடங்கின. ஒரு சிப்பத்துக்கு மொத்தமாகப் பணம் எண்ணிக் கொடுக்க முடிகிற குடும்பம் வரியிலிருந்து தப்பித்தது. கிலோ 60 ரூபாய் அரிசியை ஐந்து கிலோ பாக்கெட்டாக வாங்குகிறவர் கொடுக்கும் 300 ரூபாயில் 14 ரூபாய் வரி. நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பாகூரிலும் கடையில் வாங்கும் பாக்கெட் அரிசிக்கு இதே வரிதான். 2025 செப்டம்பர் 22-ல் பெரிய வரிக்குறைப்பு வந்தபோது சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட், நெய் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கின. பாக்கெட் அரிசிக்கும் பருப்புக்கும் சமையல் எண்ணெய்க்கும் பழைய 5 சதவீதமே நின்றது. ஏற்கனவே 5-ல் இருந்தவை அங்கேயே இருந்தன, அவ்வளவுதான் என்று சொல்லலாம். ஆனால் யார் கூடையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஆதாயம் அதிகம் போனது பிராண்ட் பொருள்களை நிறைய வாங்குகிறவருக்கு.

சிறு பாக்கெட் என்றாலே விலை கூடுதல் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அதுவும் முழு உண்மையில்லை. ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழக்கம் பாகூருக்கு அடுத்த கடலூரில்தான் வேர்விட்டது. அதற்கு முன்னோடி சின்னிகிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் அதே ஊரில் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். இன்றைக்கும் பல பிராண்டுகளில் மில்லிக்குக் கணக்குப் போட்டால் பாட்டிலைவிட ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பாக்கெட்டே மலிவு. போட்டி கடுமையான இடத்தில் சிறு பாக்கெட்டுக்காரருக்கும் நியாயம் கிடைக்கிறது. பருப்பிலும் மிளகாய்த்தூளிலும் காப்பித்தூளிலும் அப்படி இல்லை. ஆக, எந்தப் பொருள் என்று பார்க்காமல் பொது விதி சொல்ல முடியாது. ஒப்பீட்டில் இருக்கும் சிரமமே இதுதான்.

சூப்பர் மார்க்கெட் மலிவா, அண்ணாச்சி கடை மலிவா என்ற கேள்வியும் இப்படித்தான். பெரிய கடைக்காரர் கம்பெனியிடம் நேரடியாக, லாரிக் கணக்கில் வாங்குகிறார். சோப்பு, டிடர்ஜென்ட், நூடுல்ஸ், பிஸ்கட்டில் அவரால் உண்மையாகவே குறைத்துக் கொடுக்க முடியும், கொடுக்கிறார். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எம்.ஆர்.பி. என்பது தயாரிப்பாளரே அச்சிடும் உச்ச வரம்பு. பருப்புக்கும் அரிசிக்கும் பாக்கெட் போடுகிறவர் அதை எவ்வளவு உயர்த்தியும் அச்சிடலாம். அச்சிட்டுவிட்டு அதில் 20 சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைத்தால் அந்தத் தள்ளுபடிக்கு எதுவும் பொருளில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது உளுத்தம்பருப்புக்கு வருவது அபூர்வம். கிராமத்து மாதச் சாமானில் பெரும்பங்கு அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் என்பதால் பில்லின் அடியில் வரும் 'நீங்கள் மிச்சப்படுத்தியது' என்ற தொகை அவருடைய உண்மையான மிச்சத்தைக் காட்டாது. மறுபக்கம், அண்ணாச்சி கடையில் கணக்கு நோட்டு இருக்கிறது. மாதம் 3,000 ரூபாய் சாமானுக்கு அங்கே 100 ரூபாய் கூடப் போகிறது என்று வைத்தால், அது கடனுக்குக் கொடுக்கும் வட்டி. மலிவான வட்டி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்தாம் தேதி கையில் காசில்லாதபோது சூப்பர் மார்க்கெட் கல்லா அரைக் கிலோ பருப்பு தராது. இதைக் கணக்கில் சேர்க்காமல், கிராமத்து ஜனங்களுக்கு விலை பார்த்து வாங்கத் தெரியவில்லை என்று பேசுவது அநியாயம்.

சரி, ஒப்பிடும் தொல்லையே இல்லாத பொருள் ஏதாவது இருக்கிறதா? பால் இருக்கிறது. புதுச்சேரியின் கூட்டுறவு நிறுவனமான பாண்லேயின் பால் வில்லியனூர் பூத்திலும் பாகூர் பூத்திலும் ஒரே விலை. லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் அரசு அறிவிக்க வேண்டும், எதிர்க்கட்சி அறிக்கை விடும், டீக்கடையில் பேச்சாகும். தனியார் பால் கம்பெனி விலை வைக்கும்போது பாண்லே விலையைப் பார்த்தே வைக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையும் இதே வேலையைக் காய்கறியில் செய்கிறது. காலையில் விலையை முடிவு செய்து பலகையில் எழுதிவிடுகிறார்கள். அங்கே போகாதவருக்கும் தெருவில் வரும் வண்டிக்காரரிடம் பேரம் பேச ஒரு எண் கிடைக்கிறது. பொது விலை என்று நான் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு வீடும் தனித்தனியாக ஒப்பிட்டுத் திரிய வேண்டிய வேலையை அது ஊருக்கே செய்து கொடுத்துவிடுகிறது.

பருப்பிலும் எண்ணெயிலும் அது எப்படி வேலை செய்யும் என்று பார்க்க, பாகூர் கொம்யூனில் இருப்பவர் வெகுதூரம் போக வேண்டாம். முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். கரையாம்புத்தூர் பக்கம் வயல் வரப்பே எல்லை. அந்தப் பக்கத்து அரிசி அட்டைக்கு இலவச அரிசியோடு துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டம் அது. வெளிச்சந்தையில் பருப்பு 150-க்கும் பாமாயில் 120-க்கும் விற்கும் மாதத்தில் அந்த வீட்டுக்கு மிச்சம் 215 ரூபாய். பருப்பு 180-க்குப் போனால் மிச்சம் தானாகவே 245 ஆகிறது. விலை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பாதுகாப்பும் கூடுகிறது. அதற்கு யாரும் புதிய அரசாணை போட வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து வீட்டுக்கோ அந்த 180-ம் முழுதாக விழுகிறது. ஒரே பேச்சு, ஒரே சம்பந்திகள், ஒரே நாற்று நடவு, ஆனால் விலையேற்றம் மட்டும் இரண்டு விதம்.

புதுச்சேரி இந்த நிலைக்கு வந்த வழி எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் மத்திய அரசுத் திட்டம் 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. புதுச்சேரி அரசின் சொந்த இலவச அரிசியும் பின்னாளில் பணமானது. அரிசியா பணமா என்று அன்றைய முதல்வர் நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் நடந்த தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் ஏழைக் குடும்பங்களின் சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்கு 600 ரூபாய், மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்கு 300 ரூபாய் என்று, கிலோவுக்கு 30 ரூபாய் கணக்கில் பணம் வந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன. 2023 ஜூலையில் அரிசி விலையை அடக்க மத்திய அரசு பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியையே தடை செய்ய வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் மானியம் கொடுத்து கிலோ 29 ரூபாய்க்குப் பாரத் அரிசி விற்க வேண்டியிருந்தது. மானியம் கொடுத்தால்தான் 29-க்கு விற்க முடியும் என்றால் வெளிச்சந்தையில் 30 ரூபாய்க்கு என்ன அரிசி கிடைத்திருக்கும்? 2024 தீபாவளிக்கு முன்பு முதல்வர் ரங்கசாமியின் அரசு ரேஷன் கடைகளை மறுபடி திறந்து அட்டைக்குப் பத்து கிலோ அரிசியும் இரண்டு கிலோ சர்க்கரையும் கொடுத்தது. அந்த முடிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

பொருளாகக் கொடுப்பதை ஏற்காதவர்கள் சொல்லும் காரணங்களில் வலுவானது, பணம் கொடுத்தால் மக்கள் தங்களுக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்வார்கள் என்பது. ரேஷன் அரிசியில் பூச்சி, வாடை, எடைக்குறைவு என்ற புகார்கள் பொய்யில்லை. இட்லி மாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விற்றவர்கள் உண்டு, கடத்தலும் உண்டு. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2023-ல் தொடங்கிய திட்டம் பல வீடுகளில் நிஜமான ஆறுதல் என்பதும் உண்மை. பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலை நிலையாக இருக்கும்போது பணம் பொருளுக்குச் சமம். விலை ஏறும்போது இல்லை. மெக்சிகோவில் அரசு சில கிராமங்களுக்கு உணவுப் பொருளும் சில கிராமங்களுக்குப் பணமும் கொடுத்ததை குன்ஹா, டி ஜியார்ஜி, ஜெயச்சந்திரன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். பொருள் வந்த கிராமங்களில் கடைவிலையும் இறங்கியது. ஒதுக்குப்புறமான கிராமங்களில் அந்த வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது. கடைகள் குறைவான இடத்தில் ரேஷன் பொருள் வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, வாங்காதவருக்கும் விலையைக் குறைக்கிறது என்று பொருள். தரம் பற்றிய பயமும் பருப்பு, எண்ணெயில் குறைவு. மூடிய பாக்கெட்டில் வரும் பாமாயிலில் கலப்படம் செய்வது கடினம், துவரம்பருப்பைக் கையில் எடுத்தாலே தரம் தெரிந்துவிடும்.

காசுக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. அரசு நிறுவனமான பாப்ஸ்கோவின் ஊழியர்கள் சம்பள பாக்கிக்காக வருடக் கணக்கில் தெருவில் நின்றதைப் பார்த்த ஊர் இது. கூட்டுறவு நிறுவனமான அமுதசுரபியின் கதையும் அதேதான். அரசு கடை நடத்தினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. மலிவு விலையில் மளிகை விற்கும் கேரள அரசு நிறுவனமான சப்ளைகோவின் அனுபவமும் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறது. 13 பொருள்களின் விலையை 2016 முதல் தொடாமல் வைத்திருந்தார்கள். சப்ளையர்களுக்குப் பாக்கி ஏறி, 2023-ல் பல கடைகளில் அலமாரி காலியானது. காலி அலமாரியின் மேல் எழுதிய மலிவு விலையால் யாருக்கும் பயனில்லை. 2024 பிப்ரவரியில் சந்தை விலையைவிட 35 சதவீதம் குறைவு என்று முறையை மாற்றினார்கள். புதுச்சேரிக்கும் அதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டைப் போல 30 ரூபாய் என்று நிரந்தரமாக நிறுத்த இங்கே நிதி வசதி இல்லையென்றால், சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைவு, அட்டைக்கு ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், ஒவ்வொரு மாதமும் தவறாமல் என்று தொடங்கலாம். அளவு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. கடை திறந்திருப்பதும் விலை பலகையில் இருப்பதும்தான் முக்கியம்.

விலைவாசிதான் இறங்கிவிட்டதே என்றும் சொல்வார்கள். 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம், அந்தத் தொடரிலேயே அவ்வளவு குறைவாகப் போனதில்லை. உணவுப் பொருள் விலை முந்தைய ஆண்டைவிட 5.02 சதவீதம் குறைவு. முந்தைய ஆண்டு அதே மாதம்தான் 10.87 ஏறியிருந்தது. ஏறியதில் பாதியளவுதான் இறங்கியது. எண்ணெய் அப்போதும் இரட்டை இலக்கத்தில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2024 செப்டம்பரில் இறக்குமதி வரியை உயர்த்தியதன் சூடு அது. 2025 மே மாதக் கடைசியில் கச்சா எண்ணெய்களுக்கு அந்த வரியைப் பாதியாக்கிய பிறகும் விலை பழைய இடத்துக்கு வரவில்லை. கூரை ஒழுகாத மாதத்தில்தான் ஓடு மாற்ற வேண்டும்.

வில்லியனூரிலும் பாகூரிலும் 2011-க்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட கொம்யூன் பஞ்சாயத்து இல்லை. 2006-ல் நடந்ததே கடைசி உள்ளாட்சித் தேர்தல். அதனால் இந்தக் கேள்வியை எழுப்ப ஊர் மன்றம் கிடையாது, இருப்பது சட்டமன்ற உறுப்பினர் மட்டும்தான். அடுத்த முறை அவர் உங்கள் தெருவுக்கு வரும்போது நலம் விசாரித்த கையோடு கேளுங்கள்: அட்டை இருக்கிறது, கடை திறந்திருக்கிறது, அரிசி வருகிறது, பருப்பும் எண்ணெயும் எந்த மாதத்திலிருந்து?